பளபளத்தால் தப்பு!

மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் கார். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. 1965-ம் வருடத்து பிளிமத். பார்த்தவுடனேயே கண்ணை உறுத்துகிறது. பின்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. கதவை நெருங்கி வந்து நிற்கிறது. முன்சக்கரமோ பம்பரை முட்டப்போகிற மாதிரி முன்னே தள்ளியிருக்கிறது. வால் பக்கம் மட்டும் நீளமாகத் தொங்குகிறது. பசை காய்வதற்குள் எந்தப் பையனோ அவசரப்பட்டு ஒட்டிவிட்டான் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அந்த மாடலில் ஒரு பிசகும் இல்லை. நிஜக் காரே அப்படித்தான் இருந்தது. கிரைஸ்லர் நிறுவனம் 1965-ல் டிராக் ரேஸுக்கென்றே சில டாட்ஜ், பிளிமத் கார்களை எடுத்து, பின் ஆக்சிலை 15 அங்குலமும் முன்சக்கரங்களை 10 அங்குலமும் முன்னே நகர்த்தியது. காரின் எடை பின்சக்கரத்தின் மேல் போய் உட்கார வேண்டும்; அப்போதுதான் டயர் சும்மா சுழலாமல் தரையைக் கவ்வும். எடையைக் குறைக்க பாடித் தகட்டை அமிலத்தில் முக்கி மெலிய வைத்தார்கள். அமெரிக்க டிராக் ரேஸின் தலைமை அமைப்பான என்.எச்.ஆர்.ஏ., இவற்றைத் தன் வகுப்பில் சேர்க்க மறுத்தது. பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. ‘ஃபன்னி கார்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இப்படித்தான். பிறகு அதுவே ஒரு தனிப் பந்தய வகையின் பெயராகிவிட்டது.

பழைய டிராக் ரேஸ் கார்களை மாடலாகச் செய்கிறவர்களின் தலைவலி முழுவதும் இந்த ஒரு காரில் இருக்கிறது. போர் விமான மாடல் செய்பவருக்கு அளவு வரைபடம் கிடைக்கும். ரயில் மாடல் செய்பவருக்கு ரயில்வே ஆவணம் கிடைக்கும். டிராக் ரேஸ் காரோ, ஒரு ஷெட்டில், மூன்று நான்கு பேர் வெல்டிங் வைத்து, திங்கள்கிழமை வெட்டி சனிக்கிழமை ஓட்டியது. அடுத்த வாரம் அதே கார் அதே மாதிரி இருக்காது. இதில் ‘அசலைப் போல’ என்று சொன்னால், எந்த நாளின் அசல்?

டிராக் ரேஸைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. கால் மைல் நேர்கோடு, அதாவது 1,320 அடி. இரண்டு கார்கள் அசையாமல் நின்று, ஒரே நேரத்தில் கிளம்பும். முதலில் கோட்டைத் தொட்டவர் ஜெயித்தார். தோற்றவர் வீட்டுக்குப் போகலாம். கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் 1950-ல் ஒரு விமான ஓடுதளத்தில் முறைப்படி நடக்கத் தொடங்கியது. அடுத்த வருடம் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ.-வைத் தொடங்கினார். 1955-ல் கன்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் நடந்த முதல் தேசியப் போட்டியும் உலகப் போர்க்காலத்து விமானதளம் ஒன்றில்தான். (போர் முடிந்து விமானங்கள் போனபிறகு ஓடுதளத்தை ரேஸ்காரர்கள் பிடித்துக்கொள்வது நமக்கும் புதிதில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் நடந்ததும் அதுதானே!)

துவரம் பருப்பு அளவு மினுமினுப்பு

அமெரிக்கக் கார் மாடல்களின் வழக்கமான அளவு இருபத்தைந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் கால் மைல் பந்தயத் தடம் 16 மீட்டர். ஒரு கல்யாண மண்டபத்து வராந்தாவில் அடங்கிவிடும். ஒரு அங்குலம் என்பது ஒரு மில்லிமீட்டர். இது மட்டும் தெரிந்தால் போதும், மாடல் கடைக்காரன் தரும் பெட்டியில் எங்கெல்லாம் பொய் இருக்கிறது என்று நாமே கண்டுபிடித்துவிடலாம்.

நிஜக் காரின் பாடித் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. உறுப்பு உறுப்பாக வாங்கி ஒட்டுகிற பிளாஸ்டிக் கிட்டின் பாடியும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கனம். அதாவது நிஜ அளவில் பார்த்தால் ஒரு அங்குலக் கனம்! பீரங்கி வண்டிக்குப் போடுகிற தகடு. சக்கரத்தின் மேல் வளைவை உற்றுப் பார்த்தால் இந்தத் தடிமன் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கைதேர்ந்தவர்கள் பாடியின் உள்பக்கத்தை, விளிம்பை மட்டும், கத்தியாலும் உப்புத்தாளாலும் சுரண்டி மெலிய வைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு முழு பாடியும் தகடாகத் தெரியும்.

ஸ்பார்க் பிளக் வயர் நிஜத்தில் ஏழு எட்டு மில்லிமீட்டர் தடிமன். மாடலில் 0.3 மில்லிமீட்டர். தலைமுடியைப் பிடுங்கி வயராக ஒட்டலாமே என்று ஒருவர் நினைக்கலாம். அந்த முடி நிஜ அளவில் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. இயர்போன் வயர் மாதிரி இருக்கும். பெயின்ட்டில் நிலைமை இன்னும் வேடிக்கை. அறுபதுகளின் ரேஸ் கார்களில் ‘மெட்டல் ஃபிளேக்’ என்று உலோகத் துகள் கலந்த பெயின்ட் அடித்தார்கள். வெயிலில் கார் முழுவதும் ஜரிகை மாதிரி மின்னும். அந்தத் துகள் ஒவ்வொன்றும் சுமார் 0.2 மில்லிமீட்டர். அதே பெயின்ட்டை வாங்கி மாடலில் அடித்தால், ஒவ்வொரு துகளும் துவரம் பருப்பு அளவில் தெரியும். நிஜமான பெயின்ட்டை அடித்தால் மாடல் பொய்யாகிவிடுகிறது. பொய்யான, மிக நுண்ணிய பவுடரைக் கலந்தால்தான் நிஜம் போலிருக்கிறது.

இன்ஜினுக்குள் ஓடும் கம்பி

இந்தக் கிட்டுகள் முதலில் யாருக்காக வந்தன என்பதை மறந்துவிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை. ஏ.எம்.டி. நிறுவனம் 1948-ல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கியது. அது முதலில் செய்தது விளம்பர பொம்மை. கார் ஷோரூமில் வாடிக்கையாளர் கையில் கொடுக்க, புது மாடல் காரின் அதே நிறத்தில், ஒட்டி முடித்த சிறிய கார். 1958-ல் அதே அச்சுகளை வைத்து, ‘ஒரே பெட்டியில் மூன்று கார்’ என்ற உத்தியோடு, பிரித்துப் போட்ட கிட்டுகளை விற்கத் தொடங்கினார்கள். ஷோரூமில் இருப்பதுபோலவும் ஒட்டலாம், அலங்காரமாகவும் ஒட்டலாம், ரேஸ் காராகவும் ஒட்டலாம். ரெவல், மோனோகிராம், ஜோ-ஹான் என்று போட்டி சூடுபிடித்தது. 1963-ல் எம்.பி.சி. வந்து சேர்ந்தது.

பன்னிரண்டு வயதுப் பையன் சனிக்கிழமை மத்தியானம் ஒட்டி முடித்து, சாயங்காலம் தரையில் உருட்டி விளையாட வேண்டும். சக்கரம் உடையக் கூடாது. அதற்கு ஏ.எம்.டி. கண்டுபிடித்த வழி: முன் இரண்டு சக்கரங்களையும் இணைக்கிற இரும்புக் கம்பியை நேராக இன்ஜின் வழியே செலுத்திவிட்டார்கள். இன்ஜின் பிளாக்கின் இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை. நிஜக் காரில் கிராங்க் ஷாஃப்ட் சுழலும் இடத்தில் ஒரு கம்பி குறுக்கே ஓடுகிறது! பையனுக்குக் கவலையில்லை. அந்தப் பையனுக்கு இப்போது எழுபது வயது நெருங்கிவிட்டது, கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறார்.

எம்.பி.சி. எழுபதுகளில் விற்ற ஃபன்னி கார் கிட்டுகளில் வேறொரு சிக்கனம். வெவ்வேறு வீரர்கள், வெவ்வேறு பாடிகள், வெவ்வேறு பெட்டிப் படங்கள். அடியில் இருக்கும் சேசிஸ் மட்டும் பெரும்பாலும் ஒன்றே. ஒரே மணவறையை எல்லாக் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுவது போல. நிஜத்தில் ஒவ்வொரு சேசிஸ் பட்டறைக்கும் ஒரு கைவாகு இருந்தது. டெட்ராய்ட் பக்கத்து லோகி சகோதரர்கள் குழாயை வளைத்த விதம் வேறு, கலிபோர்னியாவின் வுடி கில்மோர், டான் லாங் செய்த விதம் வேறு. பழைய புகைப்படத்தில் ஓட்டுநர் தலைக்குப் பின்னால் தெரியும் கூண்டின் வளைவைப் பார்த்தே யார் கட்டிய கார் என்று சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பொதுச் சேசிஸை நீட்டினால் என்ன ஆகும்! அவர்கள் கிட்டின் சேசிஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றரை மில்லிமீட்டருக்குள் தடிமன் உள்ள பித்தளைக் குழாயையோ பிளாஸ்டிக் கம்பியையோ வளைத்துத் தாங்களே கட்டுகிறார்கள்.

வயரிங்கில் இதைவிடப் பிடிவாதம். கிட்டில் வயரே இருக்காது; டிஸ்ட்ரிபியூட்டர் மொட்டையாக நிற்கும். எட்டு வயர் ஒட்டிவிட்டால் போதாதா? போதாது. கிரைஸ்லர் ஹெமி இன்ஜினில் பிளக் பக்கவாட்டில் இருக்காது. வால்வ் மூடியின் நடுவில், பக்கத்துக்கு நான்காக, மேலிருந்து இறங்கும். எந்த வயர் எந்த சிலிண்டருக்கு என்பதற்கும் ஒரு வரிசை உண்டு: 1-8-4-3-6-5-7-2. இந்த வரிசைப்படி டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வயரைப் பிரித்து ஒட்டுகிறார்கள். பிளாஸ்டிக் இன்ஜின், ஓடவே போவதில்லை, வரிசை மாறினால் யார் கேட்கப்போகிறார்கள்? கேட்பார்கள். எனக்கு இதில் சலிப்பு வருவதற்குப் பதில் மரியாதைதான் வருகிறது. கோபுரத்தின் உச்சியில், யாரும் ஏறிப் பார்க்காத சிற்பத்துக்கும் முதுகைச் செதுக்கி வைத்த ஊர்க்காரன் இதைக் கேலி செய்யக் கூடாது.

இன்ஜினுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் ஒரு கதை உண்டு. டிராக் ரேஸ்காரர்கள் அதிகம் பயன்படுத்திய ‘6-71’ ரேஸுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸின் பஸ், லாரி டீசல் இன்ஜினிலிருந்து கழற்றியது. ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். பழைய பஸ்ஸின் உறுப்பு என்பது தெரிந்தால், அதை மாடலில் கண்ணாடி மாதிரி மின்ன விடுவது எவ்வளவு பொருத்தமில்லாதது என்பதும் தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

கிட் கம்பெனிகளுக்கு குரோம் என்றால் கொள்ளை ஆசை. பெட்டியைத் திறந்ததும் ஒரு முழுக் கொத்து உறுப்புகள் வெள்ளிப் பாத்திரக் கடை மாதிரி ஜொலிக்கும். இன்ஜின் மூடி, வீல், பின் ஆக்சில், சூப்பர்சார்ஜர், எல்லாமே. நிஜத்தில் அவற்றில் பல வெறும் அலுமினிய வார்ப்பு, மங்கலான சாம்பல். ரேஸ் வீல்கள் பல மெக்னீசியத்தில் ஆனவை. காற்றுப் பட்டு நாளாக ஆக பழுப்பு ஏறிக் கறுக்கும். ஆகவே முதல் வேலை, காசு கொடுத்து வாங்கிய குரோமை பிளீச்சிங் திரவத்தில் ஊறப்போட்டுக் கழற்றுவது. எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு அந்நாளில் சூடு தாங்கும் வெள்ளை பெயின்ட் அடிப்பது பரவலான வழக்கம். குரோமில் பழகிய கண்ணுக்கு வெள்ளைக் குழாய் மலிவாகத் தெரியும், அதுதான் சரி. அதற்காக எல்லாவற்றையும் மங்கலாக்கினாலும் தப்பு. கலிபோர்னியாவின் சில டிராக்ஸ்டர்கள், அதாவது இந்த ரேஸுக்கென்றே கட்டிய கார்கள், முன் ஆக்சிலிலிருந்து சேசிஸ் வரை நிஜமாகவே குரோம் பூசிக்கொண்டு மாப்பிள்ளைக் கோலத்தில் வந்தவை. ஒவ்வொரு காரையும் தனித்தனியாக விசாரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விசாரிக்க நிஜக் காரையே போய்ப் பார்க்கலாமே என்றால், அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தக் கார்களில் பல ரேஸில் நொறுங்கின, விற்கப்பட்டன, வெட்டப்பட்டன. மிஞ்சியவற்றைப் பிற்காலத்தில் சீரமைத்தவர்கள் பாசத்தில் கொஞ்சம் அதிகமாகவே செய்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பழைய டிராக்ஸ்டர்களை வரிசையாக நிறுத்தி இன்ஜினை உறும விடும் ‘கேக்கிள்ஃபெஸ்ட்’ நடக்கிறது. அங்கே வரும் கார்களின் பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். 1964-ல் அவை இவ்வளவு அழகாக இருந்ததில்லை. அன்று ஜன்னல் கண்ணாடியில் வகுப்பு எண்ணை வெள்ளை ஷூ பாலிஷால் கோணல்மாணலாக எழுதினார்கள். பின் பக்கத் தகட்டில் உருகிய ரப்பர் தெறித்திருக்கும். சீரமைத்த காரைப் பார்த்து அப்படியே மாடல் செய்தால் 1964-ன் கார் கிடைக்காது, 2010-ன் கார்தான் கிடைக்கும். ஆகவே கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தான் கதி. அவையும் நிறத்தைச் சொல்வதில்லை.

இருபத்து நான்கு அங்குல விதி

ஞாபகமும் ஏமாற்றும். ‘கேஸர்’ என்று ஒரு வகை. 1930-களின், 40-களின் வில்லிஸ் கார்களையும் இங்கிலாந்தின் ஆங்லியா கார்களையும் எடுத்து, பெரிய இன்ஜின் பொருத்தி, மூக்கைத் தூக்கி நிறுத்தி ஓட்டினார்கள். பெட்ரோல்தான் (அமெரிக்கர்களுக்கு ‘கேஸ்’) எரிபொருள், அதனால் அந்தப் பெயர். இன்று கேஸர் மாடல் செய்யும் பலர் மூக்கை வானத்துக்கே தூக்கிவிடுகிறார்கள். அடியில் ஒரு பூனை நடந்து போகலாம். என்.எச்.ஆர்.ஏ.-வின் அன்றைய விதியில் கிராங்க் ஷாஃப்டின் மையம் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மாடலில் அது 24 மில்லிமீட்டர் சொச்சம்; ஒரு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் முடிந்தது கதை. விதியின்படி நிற்கும் கேஸர் மாடலைப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது என்பார்கள். மக்கள் மனதில் பதிந்திருப்பது, அந்தக் கார் கிளம்பும்போது முன்சக்கரம் எகிறிய அந்த ஒரு கணம். நிற்கும் காருக்கு ஓடும் காரின் தோரணையைப் பொருத்திவிடுகிறார்கள்.

நாள் தவறினாலும் இப்படித்தான். பந்தயக் கோட்டில் வரிசையாக விளக்கு எரியும் கம்பம் ஒன்று உண்டு, ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்பார்கள். அது வந்தது 1963-ல். அதற்கு முன் ஒருவர் நடுவில் நின்று கொடியை அசைப்பார். 1960-ம் வருடக் காட்சியை அமைத்துவிட்டு விளக்குக் கம்பம் வைத்தால், ராஜராஜன் கையில் வாட்ச் கட்டிய கதைதான். அக்காலத்து டிராக்ஸ்டருக்கு ஸ்டார்ட்டரும் கிடையாது. பின்னாலிருந்து வேறொரு கார் முட்டித் தள்ளித்தான் இன்ஜினை எழுப்பினார்கள். ஆகவே காட்சியில் தள்ளுகிற காரும் வேண்டும்.

எல்லாத் தேதிகளிலும் பெரிய தேதி 1970 மார்ச் 8. கலிபோர்னியாவின் லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். டான் கார்லிட்ஸின் காரில் அவர் காலுக்கு நடுவே இருந்த டிரான்ஸ்மிஷன் வெடித்தது. கார் இரண்டு துண்டு. வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. கார்லிட்ஸ் அதற்கு ஆறு வருடம் முன்பு மணிக்கு 200 மைலைத் தாண்டிக் காட்டியவர். அவர் ஓட்டிக்கொண்டிருந்தது ‘ஸ்லிங்ஷாட்’ வகை: முன்னால் இன்ஜின், பின் ஆக்சிலுக்கும் பின்னால் ஓட்டுநர், கவட்டையில் வைத்த கல் மாதிரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், இன்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துப் புதிய கார் கட்டினார். 1971-ல் அதை வைத்து பொமோனாவில் வின்டர்நேஷனல்ஸ் போட்டியை ஜெயித்தார். சில வருடங்களில் ஸ்லிங்ஷாட் களத்திலிருந்து காணாமலே போனது. டிராக்ஸ்டர் மாடல் ஒன்றைப் பார்த்தால் இன்ஜின் முன்னா பின்னா என்பதுதான் முதல் கேள்வி. அதிலேயே பாதி வரலாறு வந்துவிடும். லயன்ஸ் தடமும் 1972 டிசம்பரில் மூடப்பட்டது.

கிட் கம்பெனிகளை முழுக்கக் குற்றம் சாட்ட முடியாததற்கு இன்னொரு காரணம், அவை வெறும் வேடிக்கை பார்த்தவை இல்லை. ஏ.எம்.டி. ‘பிரான்ஹா’ என்ற பிளாஸ்டிக் பாடி ரேஸ் காரை நிஜமாகவே களத்தில் இறக்கி, அதையே கிட்டாகவும் விற்றது. எட் மெக்குல்லக் என்ற ரேஸ்காரரின் டாட்ஜ் டீமன் ஃபன்னி காருக்கு ரெவல் பணம் போட்டது. காரின் பெயரே ‘ரெவல்யூஷன்’, அதில் கம்பெனி பெயர் ஒளிந்திருந்தது. 1970-ல் டான் ப்ருதோமின் மஞ்சள் பார்ரகுடாவுக்கும் டாம் மெக்யூவனின் சிவப்பு டஸ்டருக்கும் பின்னால் இருந்தது, ‘ஹாட் வீல்ஸ்’ செய்யும் மேட்டல். ஒருவர் பாம்பு, இன்னொருவர் கீரி. பட்டப்பெயர்களே பந்தயத்துக்கு விளம்பரம். பொம்மைக் கம்பெனியின் விளம்பரம் ஒட்டிய நிஜக் கார், அந்த நிஜக் காரின் பொம்மை, அதில் பொம்மை விளம்பரத்தின் குட்டி டெக்கால் (ஒட்டுப்படம்). இதில் எது அசல், எது நகல்?

கம்பெனிகள் நிஜக் காரை அருகில் வைத்து அளந்தபோது செய்த அச்சுகள் சிலவற்றுக்கு இன்று வேறு மதிப்பு. கார் போய்விட்டது, தடம் போய்விட்டது, கட்டியவர் போய்விட்டார். அச்சு மட்டும் இருக்கிறது. பின்பக்கத்தில் இன்ஜினை வைத்து முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே ஓடிய ‘லிட்டில் ரெட் வேகன்’ டாட்ஜ் டிரக்கை ஐ.எம்.சி. என்ற கம்பெனி அறுபதுகளில் கிட்டாக்கியது, அந்த அச்சு கைமாறி லிண்ட்பெர்க் பெயரிலும் வந்தது. எல்லா அச்சுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. வருடா வருடம் கார் மாடல் மாறும்போது, புது அச்சுக்குச் செலவு செய்யாமல் பழைய அச்சையே வெட்டித் திருத்தினார்கள். 1966-ஐ வெட்டி 1967 ஆக்கினால், 1966 திரும்பி வராது. இப்போது ஏ.எம்.டி., எம்.பி.சி. பெயர்களை வைத்திருக்கும் ரவுண்ட் 2 நிறுவனம், ஒட்டாமல் மிஞ்சிய பழைய கிட்டுகளை அளந்து சிலவற்றுக்குப் புது அச்சே செய்கிறது. அப்படிச் செய்யும்போது பழைய தப்புகளையும் அப்படியே வைத்துக்கொள்வதா, திருத்துவதா என்று ஒரு சண்டை. இன்ஜின் வழியே ஓடும் கம்பி எனக்கு வேண்டும், என் சிறுவயதின் கிட் அதுதான் என்கிறது ஒரு கட்சி. நான் இந்தக் கட்சிக்காரன் இல்லை, ஆனால் அவர்களின் பெட்டியில் இருப்பதும் ஒரு அசல்தான் என்பதை மறுக்கவும் முடியவில்லை.

அசலான பெட்டியை வாங்கியவருக்கும் ஒரு பிரச்சினை காத்திருக்கும். ஐம்பது வருடம் மூடிக்கிடந்ததில், மிருதுவான டயரிலிருந்து கசிந்த ரசாயனம் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக்கை அரித்துப் பள்ளம் பண்ணியிருக்கும். டெக்கால் தாளில் வெள்ளை எழுத்தெல்லாம் பழைய பத்திரிகை மாதிரி மஞ்சள் பூத்திருக்கும். அதற்கு மட்டும் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, படம் வெளியே பார்க்கும்படி, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம். மஞ்சள் மெதுவாக இறங்கும். நல்ல வெயில் இருந்தால் ஒரு வாரம், இல்லையென்றால் இரண்டு.